வேகம் என்றால் எத்தனை நொடி?

காரைக்குடியில் கைத்தறிக் கண்டாங்கிச் சேலை விற்கும் ஒரு கடை இணையத்திலும் விற்க முன்வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சேலையைத் தேர்ந்தெடுப்பது, பணம் செலுத்துவது, ஆர்டரின் நிலையை அறிவது ஆகியவை மென்பொருள் செய்ய வேண்டிய வேலைகள். "வேகமா இருக்கணும், எந்நேரமும் ஓடணும்" என்று கடைக்காரர் போகிற போக்கில் சொல்பவையே செயல்சாராத் தேவைகள், அதாவது அந்த வேலைகள் எவ்வளவு நன்றாக நடக்க வேண்டும் என்பவை. மென்பொருளின் கட்டமைப்பைப் பெருமளவு தீர்மானிப்பவை இவைதாம். ஆயினும் எண்ணாக மாறாத வரை இவற்றைக்கொண்டு எதையும் வடிவமைக்க இயலாது.

"எந்நேரமும்" என்பதை முதலில் எண்ணாக்குவோம். ஆண்டில் 99% நேரம் இயங்கும் தளம் 3.65 நாட்கள் முடங்கலாம், 99.9% என்றால் சுமார் 8 மணி 46 நிமிடம், 99.99% என்றால் சுமார் 53 நிமிடம். தளமானது சர்வர், தரவுத்தளம், பணப்பரிமாற்றச் சேவை என மூன்றையும் சார்ந்திருந்தால், ஒவ்வொன்றும் 99.9% இயங்கினாலும் மொத்தத்தில் 99.7%தான் கிடைக்கும். மாறாக, 99% இயங்கும் இரண்டு சர்வர்களை ஒன்றுக்கொன்று மாற்றாக வைத்தால், இரண்டும் ஒரே காரணத்தால் பழுதாகாத வரை, அந்தப் பகுதிக்கு 99.99% கிட்டும். ஆனால் வாடிக்கையாளர் தேர்ந்தெடுத்த சேலைகளின் பட்டியல் முதல் சர்வரின் நினைவகத்தில் மட்டும் இருந்தால், இரண்டாவது சர்வர் அதைத் தொடர முடியாது. அதனால்தான் இரண்டு சர்வர் வைக்கும் முடிவைப் பின்னால் ஒட்டவைக்க முடிவதில்லை.

வேகத்துக்கும் கணக்கு உண்டு. வாடிக்கையாளர் ஒரு பக்கத்தைத் திறப்பதும் பணம் செலுத்துவதும் தளத்துக்கு வரும் கோரிக்கைகள். ஓர் அமைப்புக்குள் சராசரியாக இருக்கும் கோரிக்கைகளின் எண்ணிக்கை, அவை வரும் வீதத்தையும் உள்ளே தங்கும் நேரத்தையும் பெருக்கினால் கிடைக்கும் என்பதை அமெரிக்க ஆய்வாளர் ஜான் லிட்டில் 1961-இல் நிறுவினார். தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் நொடிக்கு 100 கோரிக்கைகள் வந்து, ஒவ்வொன்றும் 0.2 நொடியில் முடிந்தால், உள்ளே இருப்பவை 20 மட்டுமே. ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையைக் கவனிக்கும் தரவுத்தள இணைப்புகள் 50 இருந்தால் தாராளம். தரவுத்தளம் திணறி ஒவ்வொன்றுக்கும் 2 நொடி எடுத்தாலோ, அந்த 50 இணைப்புகளால் நொடிக்கு 25 கோரிக்கைகளையே முடிக்க முடியும். எஞ்சிய 75 ஒவ்வொரு நொடியும் வரிசையில் குவியும். பொறுமையிழந்தவர்கள் பக்கத்தை மீண்டும் திறக்க, வரத்தும் கூடும். ஆகவே "நொடிக்கு 100 கோரிக்கைகள் வரும்போதும் 100-இல் 99-க்கு ஒரு நொடிக்குள் பதில்" என்று எழுதிவைப்பதே சரி என்பேன். சராசரியை மட்டும் குறித்தால், நெடுநேரம் காத்திருந்தவர்கள் அதற்குள் மறைந்துபோவார்கள்.

தேவைகள் ஒன்றோடொன்று மோதும் இடமும் உண்டு. விற்பனைத் தரவின் பிரதிகள் மும்பையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, இடையிலான இணைப்பு அறுந்துவிட்டால், இரு பக்கமும் தொடர்ந்து விற்பதும் கணக்கு ஒத்திருப்பதும் ஒருசேர நடவாது. கணினி அறிவியலாளர் எரிக் புரூவர் 2000-இல் முன்வைத்த இக்கருத்து 2002-இல் கணித முறைப்படி நிறுவப்பட்டது. ஒரே ஒரு சேலை எஞ்சியிருக்கையில் காரைக்குடியில் ஒருவர், கோலாலம்பூரில் ஒருவர் என இருவர் அதை வாங்கிவிடக் கூடாது. எனவே விற்பனையைச் சற்று நிறுத்திவைப்பதே நேர்மை. சேலையின் படத்தையும் விவரத்தையும் காட்டுவதற்கு அந்தக் கண்டிப்பு வேண்டியதில்லை; சில நிமிடம் பழைய பிரதியே போதும்.