கதையாட்டம்: 'பங்கு வகிக்கும் விளையாட்டு' ஏன் பிழை

'பங்கு வகிக்கும் விளையாட்டு' என்ற தொடரைக் கொழும்பில் இன்னொரு அறிவித்தலில் நான் காணக்கூடாது. அண்மையில் ஒரு விடுமுறைக்காலச் சிறுவர் நிகழ்ச்சிக்கு மும்மொழியில் ஒட்டியிருந்தார்கள். தமிழ்ப் பகுதி இப்படி இருந்தது: 'எளிமைப்படுத்தப்பட்ட விதிமுறைகளுடன் கூடிய மேசைமேல் பங்கு வகிக்கும் விளையாட்டிற்கு இளம் சிறார்களை அறிமுகப்படுத்தல்.' வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் இருக்கும் ஒரு தாய் அதை வாசித்துவிட்டு, "சின்னப் பிள்ளையளுக்கு ஷெயார் மார்க்கெட்டோ படிப்பிக்கினம்?" என்று என்னிடம் கேட்டார். அவர் பகிடிக்குக் கேட்கவில்லை. பங்கு என்றவுடன் பங்குச் சந்தை, பங்குதாரர், பங்கிலாபம் என்றுதான் மனம் போகும். கத்தோலிக்கர் வாழும் கொட்டாஞ்சேனைப் பக்கம் கேட்டால் பங்குத்தந்தையின் பங்கு. அந்தத் தாய் சரியாகவே வாசித்தார். மகளைத்தான் அனுப்பாமல் விட்டுவிட்டார்.

பொருளை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் 'ரோல் பிளேயிங் கேம்' எனப்படும் இந்த விளையாட்டில் ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு கதைமாந்தராக அதற்குள் நுழைந்து, தான் என்ன செய்கிறேன் என்று வாயால் சொல்வார்கள். அது பலிக்குமா இல்லையா என்பதைத் தாயக்கட்டை முடிவு செய்யும். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் ஆக்கி 1974இல் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இந்த வகையில் முதலில் விற்பனைக்கு வந்தது. அதன் அட்டையில் 'ரோல் பிளேயிங்' என்ற சொல்லே கிடையாது. கற்பனையான மத்தியகாலப் போர் விளையாட்டுக்கான விதிகள் என்றுதான் போட்டிருந்தார்கள். இன்றைய பெயர் பிறகு வந்து ஒட்டியது. 'டேபிள்டாப்' என்ற அடைமொழி அதற்கும் பிந்தியது. கணினியிலும் இதே வகை விளையாட்டுகள் பெருகியபோது பழையதைப் பிரித்துக்காட்ட அது தேவைப்பட்டது. அதைத் தமிழில் 'மேசைமேல்' என்று எழுதினால் பிள்ளைகள் மேசையில் ஏறி விளையாடுவதாகத்தான் படுகிறது. எங்கள் வீடுகளில் பாயை விரித்து நிலத்தில் இருந்துதான் விளையாடுகிறார்கள். மேசையை விட்டுவிடுவோம்.

'ரோல்' என்பது பிரெஞ்சிலிருந்து வந்தது. நடிகர் பேசவேண்டிய பகுதியை எழுதிக் கொடுத்த தாள் சுருளே அதன் முதற்பொருள். மட்டக்களப்புக் கூத்தில் இதற்கு நேரான வழக்கம் உண்டு. கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் ஆட்களைத் தெரிவு செய்து அவரவர் பாத்திரத்துக்கான பாட்டையும் வசனத்தையும் கொடுப்பதைச் 'சட்டம் கொடுத்தல்' என்பார்கள். அங்கே சுருள், இங்கே சட்டம். இரண்டிலும் பேச்சு முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது. நாம் பெயர் தேடும் விளையாட்டிலோ ஒரு சொல்லும் எழுதப்பட்டிருக்காது. ஆங்கிலப் பெயரே பொருளுக்குச் சற்று விலகித்தான் நிற்கிறது. அதை எழுத்துக்கு எழுத்துப் பிடித்துத் தொங்கவேண்டிய கட்டாயம் எங்களுக்கு இல்லை.

இனி 'பங்கு வகித்தல்'. தலைமை வகித்தல், பதவி வகித்தல் என்பவை நல்ல தமிழ். வகித்தல் என்றால் தாங்குதல், பொறுப்பை ஏற்றுச் சுமத்தல். 'நாட்டின் அபிவிருத்தியில் இளைஞர்கள் முக்கிய பங்கு வகிக்கின்றனர்' என்று செய்தித்தாளில் எழுதுவதும் ஆங்கில வாக்கியத்தின் அச்சுத்தான், என்றாலும் அது பழகிவிட்டது. அதன் பொருள் உதவுதல், துணைநிற்றல். ஆனால் கர்ணனாக ஆடியவரைப் பற்றி எந்த ஊரிலாவது 'கர்ணன் பங்கு வகித்தார்' என்று சொல்லக் கேட்டிருக்கிறீர்களா? கர்ணனாய் ஆடினார் என்பார்கள், கர்ணன் வேசம் கட்டினார் என்பார்கள். பழைய இசைநாடகக்காரர் 'ராஜபார்ட்' என்று ஆங்கிலச் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். அவர்கள்கூட ராஜபங்கு என்று சொல்லவில்லை. மொழிபெயர்ப்பு இயந்திரத்தில் ஆங்கிலத்தைப் போட்டால் இந்தத் தொடர் வந்து விழுகிறது. அதை வெட்டி ஒட்டியவர் ஒருமுறை வாய்விட்டு வாசித்திருந்தால் நிறுத்தியிருப்பார்.

அறிவித்தலைப் பார்த்துக் கோபப்பட்ட நண்பர்கள் சிலர் வேறு சொற்களை முன்வைத்தார்கள். 'வேடமிடு விளையாட்டு' என்றார் ஒருவர். சொல் அழகு. ஆனால் வேடம் என்றால் உடுப்பு வேண்டும், முகப்பூச்சு வேண்டும். பாடசாலை மாறுவேடப் போட்டிக்குப் பாரதியாராகவும் ஒளவையாராகவும் பிள்ளைகளை உடுத்தி அனுப்பும் பெற்றோருக்கு, இது இன்னொரு உடுப்புச் செலவாகத்தான் தெரியும். இந்த விளையாட்டில் பிள்ளை வீட்டுக் காற்சட்டையோடு இருந்தபடி கீரியாகிவிடும்.

'பாகமேற்று நடித்தல்' என்று எங்கள் ஆசிரியர் கைந்நூல்களில் இருக்கிறதே என்றார் ஓர் ஆசிரியை. வகுப்பறைப் பயிற்சிக்கு அது பொருத்தமான சொல். அங்கே ஒரு பிள்ளை தபாற்காரர், இன்னொரு பிள்ளை கடிதம் பெறுபவர், எழுந்து நின்று நடித்துக் காட்டவேண்டும். கதைக்குள் விளையாடும் பிள்ளை யாருக்கும் நடித்துக் காட்டுவதில்லை. பார்வையாளர் என்று ஒருவரும் இல்லை. 'நடிப்பு' வந்தாலே கூச்சமுள்ள பிள்ளை பின்வாங்கிவிடும். இந்த விளையாட்டு மிகவும் உதவுவது அந்தப் பிள்ளைக்குத்தான்.

'பாத்திரமேற்பு விளையாட்டு' என்பதில் பொருட்குற்றம் இல்லை. ஆராய்ச்சிக் கட்டுரையில் அப்படி எழுதினால் நான் மறுக்கமாட்டேன். ஆனால் ஆறு வயதுப் பிள்ளைக்குப் பாத்திரம் என்றால் குசினியில் கழுவி வைப்பது. தன் விளையாட்டின் பெயரை அதை விளையாடும் பிள்ளையே சொல்லி, 'வாங்கோ' என்று மற்றப் பிள்ளையைக் கூப்பிடக்கூடியதாக இருக்கவேண்டும். பாத்திரமேற்பு விளையாடுவமா என்று எந்தப் பிள்ளையும் கேட்காது.

நான் சொல்வது கதையாட்டம்.

எங்கள் தமிழில் கதைக்கு இரண்டு பொருள். ஒன்று எல்லாத் தமிழரும் அறிந்தது. மற்றது பேச்சு: 'அவரோட கதைச்சனான்', 'என்ன கதை இது'. இந்த விளையாட்டு நடப்பது கதைக்குள். விளையாடுவதும் கதைத்துக் கதைத்து. இரண்டையும் ஒரே சொல் பிடித்துக்கொள்கிறது. கொழும்பில் பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளைக்கும் 'கதாவ' கதைதான், 'கதா கரனவா' கதைப்பதுதான். விளக்கம் சொல்லாமலே விளங்கும். கதை வடசொல் ஆயிற்றே என்று தனித்தமிழ் அன்பர் ஒருவர் குறைபட்டார். அவருடைய தமிழ்ப்பற்றை மதிக்கிறேன். ஆனால் அப்பாச்சி வாயிலும் பேரப்பிள்ளை வாயிலும் நாள் முழுக்க இருக்கும் சொல்லைத் தள்ளிவிட்டு, ஒருவரும் கேட்டிராத ஒன்றைக் கொண்டுவந்தால் தமிழ்தான் மெலியும்.

ஆட்டம் என்ற சொல்லும் வெறும் 'கேம்' அல்ல. சீட்டாட்டம், சதுரங்க ஆட்டம் என்று உட்கார்ந்து ஆடுபவற்றுக்கு அதுவே பெயர். கூத்து ஆடுவதும் ஆட்டமே. பிள்ளைகள் 'இப்ப என்ர ஆட்டம்' என்று முறையையும் அதனாலேயே சொல்கிறார்கள். இலக்கிய விமர்சனத்தில் 'கதையாடல்' என்று ஒன்று இருப்பதால் குழப்பம் வரும் என்பது வலுவான மறுப்பு அல்ல. அந்தச் சொல் வரும் கட்டுரையும் பிள்ளைகளின் விளையாட்டும் ஒரே பக்கத்தில் சந்திக்கப்போவதில்லை.

என் மருமகனோடு விளையாடியதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கியது. 'அமேசிங் டேல்ஸ்' என்ற சிறுவர் கதையாட்டத்தின் விதிகள் மிகவும் இலகு. பிள்ளை தன் கதைமாந்தருக்கு நான்கு திறமைகளைச் சொல்லவேண்டும். மிக நன்றாகச் செய்வதற்குப் 12 முகக் கட்டை, அடுத்தடுத்து 10, 8, 6. எதை உருட்டினாலும் 3 அல்லது அதற்கு மேல் விழுந்தால் வெற்றி. 6 முகக் கட்டையில் மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு, 12இல் ஆறில் ஐந்து. கூட்டல் கழித்தல் தெரியாத பிள்ளையும் ஆடலாம். இவன் கீரி. மணம் பிடிப்பதற்குப் 12ஐக் கொடுத்தான். பாம்பு எந்தப் புற்றில் என்று மணந்து பார்க்கிறேன் என்று உருட்டினான், 2 விழுந்தது. "பிழைச்சுப் போச்சு, பாம்பு முழிச்சிட்டுது, இப்ப என்ன செய்யப் போறாய்?" என்றேன். கொஞ்சம் யோசித்தான். "செத்த மாதிரிக் கிடக்கிறன் மாமா. அது கிட்ட வரட்டும்." எழும்பவில்லை, நடிக்கவில்லை. பாயில் சம்மணம் கட்டி இருந்தபடி கதைத்தான்.

இதை அந்த அறிவித்தல்காரர் 'ஆறு வயது முதல் பிள்ளைகளுக்குக் கதையாட்டம். விதிகள் இலகு' என்று எழுதியிருந்தால் ஒரு வரியில் முடிந்திருக்கும். 'எளிமைப்படுத்தப்பட்ட விதிமுறைகளுடன் கூடிய' என்பது மொழிபெயர்ப்பாளரின் பழக்கம். ஆங்கிலத்தில் செயப்பாட்டு எச்சம் இருந்தால் தமிழிலும் 'பட்ட' வந்தாக வேண்டும் என்று நினைக்கிறார்கள். 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழி ஆனது. அதன் பிறகும் இந்த நகரத்தில் தமிழ் கடைசியாக, அவசரமாக, ஒருவரிடமும் வாசித்துக் காட்டாமல் நிரப்பப்படும் பகுதியாக இருப்பது எனக்கு வேதனை. பெயர்ப்பலகையில் எழுத்துப் பிழைத்தால் படமெடுத்துப் பகிர்கிறோம். எழுத்துச் சரியாக இருந்து பொருள் செத்துக் கிடந்தால் எவரும் கவனிப்பதில்லை.

கூடவரும் சொற்கள் பெரிதாகச் சிரமம் தரா. கதையை நடத்துபவரை 'விளையாட்டு மாஸ்டர்' என்கிறார்கள். கூத்துக் களரியில் நின்று ஆட்டத்தை நடத்தும் அண்ணாவி இருக்கும்போது மாஸ்டர் எதற்கு? கதைசொல்லி என்றால் பாதிதான் சரி, இதில் பிள்ளைகளும் கதை சொல்கிறார்கள். கட்டைகளுக்கு எங்கள் கணித பாடநூல்களே பெயர் வைத்திருக்கின்றன: நான்முகி, சதுரமுகி, எண்முகி, பன்னிருமுகி, இருபதுமுகி. ஒருபக்கம் சாயாத கட்டையைக் 'கோடாத தாயக்கட்டை' என்று அந்நூல்கள் சொல்வது குறளின் 'கோடாமை'தான். அந்தப் பெயர்களை ஆக்கியவர்கள் தமிழில் யோசித்தவர்கள். பத்து முகமுள்ளது ஒழுங்கான திண்மம் அல்லாதபடியால் அந்த வரிசையில் இல்லை. அதைப் பத்துமுகக் கட்டை என்றால் போதும்.