கமிட் பிட்: பொருளும் தமிழ்ச் சொல்லும்

"அவருக்கு கமிட் பிட் கொடுத்துவிட்டார்கள்" என்று ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தை உருவாக்கும் தன்னார்வலர்கள் சொல்வதுண்டு. திட்டத்தின் மூலநிரல் களஞ்சியத்தில் நேரடியாக மாற்றங்களைப் பதியும் அனுமதி அவருக்குக் கிடைத்துவிட்டது என்று பொருள்.

கமிட் என்பதன் வேர் லத்தீன். 'கொம்' என்றால் சேர்த்து, 'மித்தெரே' என்றால் அனுப்பு. இரண்டும் கூடி, ஒன்றை ஒருவர் பொறுப்பில் ஒப்படைப்பது என்ற பொருள் வந்தது. அனுமதியைக் குறிக்கும் பெர்மிட்டுக்கும் இதே வேர்தான். 'பிட்' கணினியின் 0, 1. ஃப்ரீபிஎஸ்டியின் மூதாதையான யூனிக்ஸ் இயங்குதளத்தில் ஒரு கோப்பைப் படிக்கவும் எழுதவும் யாருக்கு உரிமை உண்டு என்பதை ஒவ்வொரு பிட்டாகத்தான் குறித்து வைப்பார்கள்.

நிரல் மாற்றங்களைக் கண்காணிக்கும் பழைய மென்பொருளான சிவிஎஸ் காலத்தில் கமிட் செய்தால் மாற்றம் நேரே மையக் களஞ்சியத்துக்குப் போய்விடும். அதே வேலையைச் செய்ய 2005இல் வந்த கிட் மென்பொருளில் யாரும் தம் கணினியிலேயே கமிட் செய்துகொள்ளலாம்; அனுமதி தேவைப்படுவது மையத்துக்குத் தள்ளும்போதுதான். ஃப்ரீபிஎஸ்டியின் மூலநிரல் 2020 டிசம்பரில் கிட்டுக்கு மாறியது. பழைய பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இந்த உரிமையோடு ஒரு நடைமுறையும் வருகிறது, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். புதிதாக வருபவருக்கு ஒரு வழிகாட்டி உண்டு. அவர் சரி என்று விடுவிக்கும்வரை, ஒவ்வொரு பதிவுக் குறிப்பிலும் யார் ஒப்புதல் தந்தார் என்று ஒரு வரி இருக்க வேண்டும். இன்னொருவர் பராமரிக்கும் பகுதியைத் தொடுவதற்கு முன் அவரிடம் கேட்க வேண்டும். ஒரு மாற்றத்தில் சச்சரவு எழுந்து, பராமரிப்பவர் கேட்டால் முதலில் அதைத் திரும்பப் பெற வேண்டும், வாதமெல்லாம் அப்புறம். மூலநிரலைத் தொகுக்கவே முடியாதபடி உடைத்தவர், சரிசெய்யும் பதிவில் 'கூம்புத் தொப்பி எனக்கு', அதாவது தவறு என்னுடையது, என்று தானே எழுதும் வழக்கமும் உண்டு. சம்பளமில்லாமல் உழைக்கும் இடத்தில் ஒருவர்மேல் ஒருவர் நம்பிக்கை வைக்க இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'சமர்ப்பி' பொருந்தாது, அது அனுமதி இல்லாதவர் திருத்தத்தை அனுப்பிவைப்பதற்கு உரிய சொல். 'ஒப்புவி' லத்தீன் வேருக்கு நெருக்கம்தான், ஆனால் காதில் விழுந்ததும் பாடம் ஒப்புவிப்பதுதான் நினைவுக்கு வரும். கமிட் செய்வதற்குப் 'பதி' போதும். கமிட் பிட்டைப் 'பதியும் உரிமை' என்று பிரித்தே எழுதலாம்; 'பதிவுரிமை' என்று சேர்த்தால் பதிப்புரிமையோடு குழம்பும். கமிட் பிட் பெற்றவரான கமிட்டரைச் சொல்வதுதான் சிக்கல். பதிவாளர் சார்பதிவகத்தில் இருக்கிறார், பதிவர் வலைப்பூ எழுதுகிறார். எனவே 'பதியும் உரிமை பெற்றவர்' என்பேன். நீளம்தான், ஆனால் அந்த உரிமை பிறர் கொடுத்தது என்பது அதில் தெரிகிறது.