ரீனல் டினர்வேஷன்: நீக்கமா, சிதைப்பா?

சிறுநீரில் உப்பையும் நீரையும் கழிக்கும் மாத்திரை உட்பட மூன்று மருந்துகளை முழு அளவில் எடுத்தும் 140/90-க்குக் கீழே இறங்காத ரத்த அழுத்தத்துக்குப் பரிசீலிக்கப்படும் சிகிச்சை ரீனல் டினர்வேஷன் (renal denervation). இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதே கேள்வி. மாத்திரை ஒழுங்காகப் போகிறதா, அளந்த பட்டை கைக்குப் பொருந்தியதா, 24 மணி நேரப் பதிவு என்ன சொல்கிறது, உடலில் உப்பைத் தேக்கும் ஆல்டோஸ்டீரோன் ஹார்மோன் மிகையா என்பதையெல்லாம் பார்த்த பிறகே இதற்கு முறை.

‘ரேனேஸ்’ என்பது இலத்தீனில் சிறுநீரகங்கள். ‘நெர்வுஸ்’ முதலில் தசைநாணையும் வில்நாணையும் குறித்த சொல். நம் நரம்பும் யாழில் கட்டிய நரம்புதானே! ‘டி’ என்ற முன்னொட்டு இழப்பைக் காட்டும். ஆக, நேர்ப்பொருள் ‘சிறுநீரக நரம்பு நீக்கம்’.

சிக்கல் இங்கேதான். பேச்சுவழக்கில் ரத்தக்குழாயும் நரம்புதான்; சிரையில் போடுவதை ‘நரம்பு ஊசி’ என்கிறோம். ‘நரம்பு நீக்கம்’ என்றதும், சிறுநீரகத்துக்குப் போகும் குழாயையே வெட்டி எடுப்பார்கள் என்று நோயாளி நினைக்க இடமுண்டு. 1930களிலிருந்து சில பத்தாண்டுகள், ரத்த அழுத்தத்தை ஏற்றும் பரிவு நரம்புகளை (sympathetic nerves) உண்மையாகவே அறுவை செய்து எடுத்தார்கள். எழுந்து நின்றாலே அழுத்தம் சரிந்து மயக்கம் வந்ததால், நல்ல மாத்திரைகள் வந்ததும் அது வழக்கொழிந்தது. அந்த அறுவைக்கு ‘நீக்கம்’ சரியான சொல்.

இன்று எதையும் வெளியே எடுப்பதில்லை. தொடைத் தமனி வழியாகச் சிறுநீரகத் தமனிக்குள் மெல்லிய குழாய் செலுத்தி, தமனியின் வெளியுறையில் ஓடும் பரிவு நரம்பிழைகளை உள்ளிருந்தே சுடுகிறார்கள். ரேடியோ அலை முறையில் சுருள்வடிவக் குழாயின் நான்கு மின்முனைகள் 60 விநாடி சூடேற்றும். மீயொலி முறையில் ஒவ்வோர் இடத்துக்கும் 7 விநாடி, உட்சுவர் வேகாதிருக்கப் பலூனுக்குள் குளிர்நீர் ஓடும். சுடும்போது வலிக்கும் என்பதால் மயக்கமருந்தும் வலிமருந்தும் தேவை. நரம்பு கண்ணுக்குத் தெரியாது, அத்தனையும் சிதைந்ததா என்று மேசையிலேயே சொல்லவும் வழியில்லை. 2014-இல் வெளியான பெரிய ஆய்வில் போலிச் சிகிச்சையை (நரம்பைச் சுடாமல், செய்ததுபோல் காட்டுவதை) இது வெல்லாமல் போனதற்கு, சுற்றிலும் முழுமையாகச் சுடாததும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. கருவிகள் திருந்தி, 2023 நவம்பரில் அமெரிக்காவில் இரண்டு முறைகளும் அனுமதி பெற்றன. போலிச் சிகிச்சையைவிடக் கூடுதலாகக் கிடைக்கும் இறக்கம் சராசரியாக 5 மி.மீ. பாதரசத்தை ஒட்டியதே.

‘நரம்புச் சுடுகை’ என்றால் ஆல்கஹால் செலுத்தி நரம்பைச் சிதைக்கும் முறை விடுபடும். ‘முடக்கம்’ பக்கவாதத்தை நினைவூட்டும். எங்கள் தேர்வு: சிறுநீரக நரம்புச் சிதைப்பு. ஒப்புதல் படிவத்தில் இதன் கீழே, ‘ரத்தக்குழாய் அப்படியே இருக்கும், மாத்திரையும் பெரும்பாலும் தொடரும்’ என்று ஒரு வரி சேர்த்துவிடலாம்.