ஆடி மழையில் ரத்தப்பொட்டு காயுமா?

நீலகிரியின் கூடலூர் பக்கம் ஆடி மாதம் துவைத்துப் போட்ட துணி மூன்று நாளானாலும் காயாது. அங்கிருந்துதான் பச்சிளங்குழந்தைகளின் ரத்தப்பொட்டு அட்டைகள், அதாவது குதிகாலில் குத்தி எடுத்த ரத்தச் சொட்டுகளை உலரவைத்த காகித அட்டைகள், அரிவாள் செல் நோய்ச் சோதனைக்காக என் ஆய்வக மேசைக்கு வருகின்றன.

போன மழைக்காலத்தில் ஓர் உறையைப் பிரித்ததுமே ஈர வாடை. அட்டை பிளாஸ்டிக் கவரோடு ஒட்டிக் கிடந்தது. போன் போட்டேன். "வெயிலையே கண்ல காட்டல மேடம், ஹீட்டர்கிட்ட வச்சு எடுத்துட்டேன்" என்றார் நர்ஸ். பாவம், திட்ட மனம் வரவில்லை. ஆனால் சூடு பட்டாலும் சரி, ஈரத்தோடு மூடினாலும் சரி, ஹீமோகுளோபின் கெட்டுவிடும்.

ரத்தச் சிவப்பணுக்களை அரிவாள் போல வளைத்துவிடும் பரம்பரை நோய் இது. நீலகிரிப் பழங்குடியினரிடம் இந்த அரிவாள் செல் மரபணு இருப்பது 1952-லேயே பதிவானது. இந்தியாவின் முதல் பதிவுகளில் அதுவும் ஒன்று. பிறந்த குழந்தையின் ரத்தத்தில் பெரும்பங்கு 'எஃப்' வகை ஹீமோகுளோபின். நாங்கள் தேடும் 'எஸ்', அதாவது அரிவாள் செல் வகை ஹீமோகுளோபின், அதன் ஓரத்தில் கொஞ்சம்தான் இருக்கும். கெட்டுப்போன சாம்பிளின் சோதனை வரைபடத்தில் 'எஸ்' காட்டும் சின்ன மேடு எது, சிதைந்த குப்பை எது என்று பிரிக்க முடியாது. 'ரிபீட்' என்று எழுதிவிடுவது எனக்குச் சுலபம். ஆனால் பாடியிலிருந்து, அதாவது பழங்குடிக் குடியிருப்பிலிருந்து, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, கைக்குழந்தையோடு ஜீப் பிடித்து வருபவள் அந்தத் தாய். நோய் இருந்தால் இரண்டு, மூன்று மாதத்துக்குள் பென்சிலின் தொடங்கியாக வேண்டும் என்பதால் நாளும் தள்ளிப்போகக் கூடாது.

அதனால் ரத்தம் எடுக்கும் நர்ஸ்களுக்குச் சொல்கிறேன். குளிரில் குழந்தையின் குதிகால் விறைத்திருக்கும். வெதுவெதுப்பான துணியைச் சில நிமிடம் சுற்றி வையுங்கள். ஸ்பிரிட் நன்றாகக் காய்ந்த பிறகு, குதிகாலின் நடுவில் இல்லாமல் பக்கவாட்டில் குத்துங்கள். முதல் சொட்டைத் துடைத்துவிடுங்கள். அப்புறம் பிழியாதீர்கள். ஸ்பிரிட் ஈரமோ பிழிந்த நீரோ கலந்தால் பொட்டைச் சுற்றி வெளிறிய வளையம் விழும். அட்டையில் அச்சிட்ட ஒரு வட்டத்துக்கு ஒரே பெரிய சொட்டு, ஒரே பக்கத்திலிருந்து. அட்டையைத் திருப்பினால் பின்பக்கமும் அதே அளவு சிவந்திருக்க வேண்டும். பத்தவில்லை என்று மேலே இன்னொரு சொட்டு வைத்தால் அந்த வட்டம் வீண்.

மட்டமாக, ஒன்றன்மேல் ஒன்று படாமல், குறைந்தது நான்கு மணி நேரம் காய வேண்டும். மழைக்காலத்தில் இரவு முழுக்க விடுங்கள் என்பேன். சிவப்பு போய்ச் சீரான கரும்பழுப்பு வந்ததா பாருங்கள். ஜிப் கவரில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பாக்கெட் இல்லாமல் அட்டையைப் போடவே வேண்டாம். நீல மணிகள் இளஞ்சிவப்பாகியிருந்தால் அந்தப் பாக்கெட் செத்துப்போனது.

இன்னொன்று. ரத்தம் ஏற்ற வேண்டிய குழந்தையா? ஏற்றுவதற்கு முன்பே அட்டையை எடுத்துவிடுங்கள், கொடையாளியின் ரத்தம் குழந்தையின் சொந்த ஹீமோகுளோபினை மறைத்துவிடும். முந்தி ஏற்றியாகிவிட்டதென்றால் ஏற்றிய தேதியை அட்டையில் எழுதுங்கள். அதைப் பார்த்துத்தான் மறுசோதனைக்கு நாள் குறிப்போம்.