ஒன்றரைக் கிலோமீற்றர் ஆழத்தில் ஓர் ஓட்டை

நான் ஆண்டு பத்துப் படித்த மாரியில் எங்கள் ஊர்க் குளத்தின் துருசுக் கதவு பழுதாகிவிட்டது. மூட முடியவில்லை. தண்ணீர் வாய்க்காலுக்குள் சீறிப் பாய்ந்தது. இளந்தாரிகள் வாய்க்கால் பக்கம் நின்று மண்மூட்டைகளைப் போட, போட்ட வேகத்திலேயே ஒவ்வொன்றும் உருண்டு போனது. கட்டில் நின்ற பெரியப்பா சத்தம் போட்டார்: "தம்பியவை, வெளியிலை நிண்டு என்னத்தைப் போட்டாலும் தண்ணி தள்ளிப்போடும். உள்பக்கமா இறங்கி வாயை அடையுங்கோ." இடுப்பில் கயிறு கட்டி இரண்டு பேர் குளத்துப் பக்கம் இறங்கினார்கள். வைக்கோலும் களியும் திணித்த சாக்கைத் துருசு வாயருகே கொண்டுபோனதும் தண்ணீரே அதை இழுத்து அமத்திப் பிடித்துக்கொண்டது.

ஆழ்கடல் எண்ணெய்க் கிணறுகளைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சாக்குத்தான் நினைவுக்கு வரும்.

2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிக்கோ வளைகுடாவில் டீப்வோட்டர் ஹொறைசன் என்ற துளையிடும் மேடை வெடித்தது. 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். இரண்டு நாளில் மேடையும் மூழ்கியது. அது துளைத்த மக்கொண்டோ கிணற்றின் வாய் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீற்றர் கீழே, கடலடித் தரையில் இருந்தது. கிணற்றின் அடியோ அந்தத் தரைக்கும் கீழே ஏறக்குறைய 4,000 மீற்றர். எண்ணெய் பாய்வதை நிறுத்த 87 நாட்கள் பிடித்தன.

எங்கள் குழாய்க்கிணற்றில் தண்ணீரை மோட்டர் போட்டு இழுக்க வேண்டும். இந்தக் கிணற்றில் அது தலைகீழ். பாறைக்குள் அடைபட்ட எண்ணெயும் வாயுவும் வளிமண்டல அமுக்கத்தைப்போல் சுமார் 800 மடங்கு அமுக்கத்தில் இருந்தன. வழி கிடைத்தால் தாமே மேலே பாயும். துளையிடும்போது அதை அடக்கி வைப்பது, கனமான கனிமத்தூள் கலந்து கிணறு நிறைய ஊற்றி வைக்கும் சேற்றின் பாரம். அடியில் போட்ட சீமெந்து தாங்காமல், அந்தச் சேற்றின் பாரமும் குறைந்தபோதுதான் கிணறு வெடித்தது. கடைசிக் காவலாகக் கிணற்று வாயில் 300 தொன்னுக்கு மேல் நிறையுள்ள தடுப்பு இயந்திரம் ஒன்று இருந்தது. அதன் கத்திகள் குழாயை வெட்டி வாயை மூடியிருக்க வேண்டும். உள்ளே குழாய் வளைந்து ஒரு பக்கம் ஒதுங்கியிருந்ததால் கத்தி முழுதாக வெட்டவில்லை.

அந்த ஆழத்துக்கு ஆள் போக முடியாது. கடலில் பத்து மீற்றர் இறங்க இறங்க ஒரு வளிமண்டல அமுக்கம் கூடும். 1,500 மீற்றரில் அது 150 ஆகிவிடும். கட்டைவிரல் நகமளவு இடத்தில் இரண்டு மூட்டை நெல்லை ஏற்றி வைத்ததுபோல என்று நினைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் கிடையாது. தண்ணீர் 4 பாகை செல்சியஸ் அளவுக்குக் குளிர்ந்திருக்கும். கப்பலில் இருந்தபடி கமராவில் பார்த்து, கம்பித் தொடர்பில் இயக்கும் ரோபோக்கள்தான் அங்கே கையும் காலும். ஓர் ஆணியைக் கழற்றவும் மணிக்கணக்காகும்.

முதலில் சுமார் 100 தொன் உருக்குக் கூடு ஒன்றை ஓட்டையின்மேல் கவிழ்க்கப் பார்த்தார்கள். கோழிக்குஞ்சைக் கடகத்தால் மூடுவதுபோல எளிமையான யோசனை. ஆனால் எண்ணெயோடு மெதேன் வாயுவும் வந்தது. அந்தக் குளிரிலும் அமுக்கத்திலும் மெதேன் நீருடன் சேர்ந்து பனிக்கட்டி போன்ற பளிங்காக உறைந்துவிடும். அது கூட்டின் வாயை அடைத்தது. நீரைவிடப் பாரம் குறைந்தது என்பதால் அத்தனை பெரிய கூட்டையே மேலே தூக்கவும் பார்த்தது. கடலின் மேற்பரப்பில் இந்தத் தொல்லை இல்லை. ஆழம் தூரத்தை மட்டும் கூட்டுவதில்லை, பொருளின் குணத்தையும் மாற்றிவிடுகிறது. எனக்கு இந்த விடயத்தில் மிகவும் வியப்பூட்டிய இடம் இது.

மே மாத இறுதியில் கிணற்று வாய் வழியாகக் கனத்த சேற்றைப் பம்பினார்கள். இறப்பர்த் துண்டுகளையும் கோல்ஃப் பந்துகளையும்கூடச் செலுத்தினார்கள். எங்கள் மண்மூட்டைகளுக்கு நடந்ததுதான் நடந்தது. சேறு கீழே இறங்காமல் எண்ணெயோடு சேர்ந்து வெளியே போனது.

கடைசியில் பாய்ச்சலை நிறுத்திய மூடியின் தந்திரம் வேறு. தண்ணீர் பாயும் குழாயில் திருகிப் பூட்டிய பைப்பை மாட்ட முடியாது. திறந்த பைப்பை மாட்டி, இறுக்கி, பிறகு பூட்டலாம். அதேபோல உடைந்த மேற்பகுதியை அகற்றிவிட்டு, வால்வுகள் திறந்தபடியே புதிய மூடியைப் பொருத்தினார்கள். ஜூலை 15 அன்று மெல்ல மெல்லப் பூட்டினார்கள். அப்போதும் ஒரு பயம். குளக்கட்டில் ஓர் ஓட்டையை அடைத்தால் இன்னோர் இடத்தில் ஊறுவதுண்டு. கிணற்றுச் சுவர் எங்காவது பிளந்திருந்தால் எண்ணெய் கடலடி மண்ணைக் கிழித்துக்கொண்டு வரும், பிறகு மூடுவதற்கு வாயே இராது. அதனால் அமுக்கத்தை நாட்கணக்காகக் கண்காணித்தார்கள். பாய்ச்சல் நின்றபின் ஓகஸ்டில் ஊற்றிய சேறு தன் பாரத்தாலேயே கீழே இறங்கியது.

பெரியப்பா சொன்ன உள்பக்க வழி மே மாதமே தொடங்கியிருந்தது. பக்கத்தில் இன்னொரு கிணறு துளைத்து, பழைய கிணற்றை அடியில் சந்தித்து, சீமெந்து போடுவது. பல கிலோமீற்றர் பாறைக்குக் கீழே ஒரு சாண் அகலக் குறியைக் கண் தெரியாமல் தொடவேண்டும். நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தினால் அது பழைய கிணற்றின் உருக்குக் குழாய் வழியே ஓடி, அதைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகும். துளையிடும் முனையருகே உள்ள உணரி அதை மோப்பம் பிடித்துக்கொண்டு போகும். செப்டெம்பர் 19 அன்றுதான் மக்கொண்டோ செத்துவிட்டது என்று அறிவித்தார்கள்.

1979இல் அதே வளைகுடாவில் இக்ஸ்டொக் கிணறு வெடித்தபோது ஆழம் வெறும் 50 மீற்றர். அப்படியிருந்தும் அதை மூட ஒன்பது மாதங்களுக்கு மேலானது.

இது நமக்குத் தொலைவான கதை இல்லை. 2011இல் இலங்கையின் மன்னார்ப் படுகையில் சுமார் 1,350 மீற்றர் ஆழக் கடலில் துளையிட்டு இயற்கை வாயுவைக் கண்டார்கள். மக்கொண்டோவின் ஆழத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். அங்கே இருப்பது பெரும்பாலும் வாயு என்பதால் கரிய எண்ணெய் அதே அளவில் கரைக்கு வராது என்று சொல்லலாம். ஆனால் குளிரும் அமுக்கமும் உறையும் மெதேனும் அங்கேயும் அப்படியேதான். 2010க்குப் பிறகு இத்தகைய மூடிகளை உலகின் சில துறைமுகங்களில் ஆயத்தமாக வைத்திருக்கிறார்கள். நமக்குக் கிட்டியது சிங்கப்பூர். அங்கிருந்து கப்பலில் ஏற்றி, மன்னாருக்கு அப்பால் கொண்டுவந்து, ஆடாமல் இறக்க வேண்டும். மெக்சிக்கோ வளைகுடாவில் மூடி பூட்டிய அடுத்த வாரமே புயல் வந்து கப்பல்களைக் கலைத்தது. இங்கே தென்மேல் காற்றான சோளகம் வீசத் தொடங்கினால் மாதக்கணக்காகக் கடல் குமுறும். சிலாவத்துறையிலும் பள்ளிமுனையிலும் படகுகள் கரையேறிக் கிடக்கும் அந்த நாட்களில் அந்த மூடியை யார், எப்படி இறக்குவது என்பதற்கு, அடுத்த துளை போடுமுன் எழுத்தில் பதில் கேட்கவேண்டியவர்கள் அந்தக் கரையில் தொழில் செய்கிறவர்கள்தான்.