கையில் கட்டியிருப்பதே மறந்துபோக வேண்டும்: ஓட்டத்துக்கு ஜிபிஎஸ் கடிகாரம் வாங்கப் போகிறவர்களுக்கு

போன வருடம் கோடையில் நாற்பத்திரண்டு வயதுப் பெண் ஒருவர் என் பிசியோதெரபி கிளினிக்குக்கு வந்தார். கெண்டைக்கால் வலி என்று சொல்லித்தான் நேரம் வாங்கியிருந்தார். ஆனால் உட்கார்ந்ததும் காலைப் பற்றிப் பேசவில்லை, கையை நீட்டிக் கடிகாரத்தைக் காட்டினார். பெசன்ட் நகர் கடற்கரையில் மெதுவாக ஓடும் நாட்களில்கூட இதயத்துடிப்பு 172 என்று காட்டுகிறதாம். "ஈசிஜி, ட்ரெட்மில் டெஸ்ட் எல்லாம் எடுத்தாச்சு டாக்டர். ஒண்ணுமே இல்லைன்னு சொல்லிட்டாங்க. அப்புறம் ஏன் இது இப்படிக் காட்டுது?" என்றார். இரண்டு மாதமாக ஓடவே பயந்து பாதி நாள் நடந்துவிட்டு வீடு திரும்பியிருக்கிறார்.

ஓடும்போது நிமிடத்துக்கு எத்தனை காலடி வைக்கிறீர்கள் என்று கேட்டேன். அதுவும் அந்தக் கடிகாரத்திலேயே பதிவாகியிருந்தது. 170, 172. எனக்குப் பாதி விஷயம் புரிந்துவிட்டது. கிளினிக்கில் இருந்த செஸ்ட் ஸ்ட்ராப்பை, அதாவது மார்பில் கட்டித் துடிப்பை அளக்கும் பட்டையைக் கட்டிக்கொள்ளச் சொல்லி, கடிகாரத்தையும் கழற்ற வேண்டாம் என்று சொல்லி, எங்கள் தெருவிலேயே பத்து நிமிடம் ஓட வைத்தேன். ஸ்ட்ராப் 138 என்றது, கடிகாரம் 171 என்றது. அது இத்தனை நாளும் அவர் காலடியை எண்ணி இதயத்துடிப்பு என்று காட்டிக்கொண்டிருந்தது.

இது அந்த ஒரு கடிகாரத்தின் பழுது இல்லை. மணிக்கட்டில் துடிப்பை அளக்கும் முறையிலேயே உள்ள பலவீனம். கடிகாரத்தின் அடியில் பச்சை விளக்கு மினுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் தோலடி ரத்த நாளங்களில் ரத்தம் கூடும்போது, திரும்பி வரும் ஒளி கொஞ்சம் குறையும். அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் சென்சார் எண்ணுகிறது. கடிகாரம் தோலில் ஒட்டி நிற்காமல் ஆடினால், ஆடும் தாளத்திலேயே வெளிச்சமும் கூடிக் குறையும். ஓட்டத்தில் கை காலோடு சேர்ந்துதானே வீசுகிறது? சென்சாருக்கு இரண்டு தாளமும் குழம்பி, காலடியின் எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்ளும். செஸ்ட் ஸ்ட்ராப் ஈசிஜி போல இதயத்தின் மின்சார அதிர்வை நேரடியாக அளப்பதால் இந்தக் குழப்பம் அதற்கு வருவதில்லை.

எடை இங்கேதான் முக்கியமாகிறது. கடைகளில் எடையைப் பற்றிப் பேசினால், "நாற்பது கிராம் வித்தியாசம் உங்க கைக்குத் தெரியவா போகுது?" என்று கேட்பார்கள். சும்மா நிற்கும்போது தெரியாதுதான். ஆனால் நிமிடத்துக்கு 170 காலடி என்றால் ஒரு கை 85 முறை முன்னும் பின்னும் வீசுகிறது. ஒரு மணி நேரத்தில் 5,100 முறை. ஒவ்வொரு முறை கை திசை திரும்பும்போதும் கடிகாரம் தன் எடைக்கேற்ப முன்னோக்கி இழுக்கும், தோல் மேல் நழுவும். ஒல்லியான மணிக்கட்டில் அகலமான கடிகாரம் என்றால் ஓரங்களில் இடைவெளி விழுந்து வெளி வெளிச்சமும் உள்ளே போய்விடும். என் நோயாளியின் கடிகாரம் கணவர் பிறந்தநாளுக்கு ஆசையாக வாங்கித் தந்தது. எண்பது கிராமுக்கு மேல் எடை, அதன் மேல் தடித்த சிலிகான் பட்டை. இறுக்கிக் கட்டினால் தடம் பதிகிறது என்று தளர்த்தியே கட்டியிருந்தார்.

உண்மையான எடைகளைச் சொன்னால் வித்தியாசம் விளங்கும். கார்மின் ஃபோர்ரன்னர் 55 என்ற எளிய மாடல் 37 கிராம். ஃபோர்ரன்னர் 165 மாடல் 39 கிராம். 265 மாடல் 47 கிராம், அதிலேயே சின்ன மணிக்கட்டுக்கு வரும் 265எஸ் 39 கிராம். கோரோஸ் பேஸ் 3 நைலான் பட்டையோடு 30 கிராம், அதையே சிலிகான் பட்டையோடு எடுத்தால் 39. பட்டையை மாற்றினாலே ஒன்பது கிராம் குறைகிறது பாருங்கள். இன்னொரு பக்கம் கார்மினின் பெரிய ஃபீனிக்ஸ் 7 மாடல் 79 கிராம், 7எக்ஸ் 89 கிராம், முகப்பே 51 மில்லிமீட்டர். ஆப்பிள் வாட்ச் அல்ட்ரா பட்டை இல்லாமலே 61 கிராம். பெரிய கடிகாரங்களைக் குறை சொல்லவில்லை. காட்டுப் பாதையில் இரவு பகலாக ஓடுகிறவர்களுக்கும், மலையேறுகிறவர்களுக்கும் அந்த பேட்டரியும் வரைபடமும் வேண்டும். வாரத்தில் நான்கு நாள் ஐந்து கிலோமீட்டர், ஞாயிறன்று பத்து என்று ஓடுகிறவருக்கு அதில் எதுவும் தேவைப்படாது.

நைலான் பட்டையை நான் குறிப்பாகச் சிபாரிசு செய்வேன். துளைத் துளையாக இல்லாமல் ஒட்டிக்கொள்ளும் வகையில் வருவதால் கைக்குச் சரியாக இறுக்கலாம். வியர்வையும் சீக்கிரம் காயும். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, முழங்கைப் பக்கமாகக் கட்டுங்கள். ஓட்டம் முடிந்ததும் தளர்த்திவிடுங்கள், பட்டையைத் தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். சென்னை வியர்வையில் நாள் முழுக்க ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டி, தோல் சிவந்து அரிப்போடு வருகிறவர்களை ஒவ்வொரு மே மாதமும் பார்க்கிறேன்.

சரி, ஜிபிஎஸ்ஸுக்கு வருவோம். இதில் ஏமாறுகிறவர்கள் நிறைய. மலிவான பல கடிகாரங்களின் பெட்டியில் ஜிபிஎஸ் என்று பெரிதாகப் போட்டிருக்கும், கூடவே "கனெக்டட்" என்று சின்னதாக ஒரு சொல் இருக்கும். கடிகாரத்துக்குள் ஜிபிஎஸ் கிடையாது, உங்கள் போனில் இருப்பதைத்தான் இரவல் வாங்கும் என்பதே அதற்கு அர்த்தம். போனை வீட்டில் வைத்துவிட்டு ஓடினால், கை வீச்சை வைத்துத் தூரத்தைக் குத்துமதிப்பாகச் சொல்லும். வாங்குவதற்கு முன் விற்பவரிடம் "போன் இல்லாம ஓடினா மேப் வருமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். தயங்கினால் வேறு கடிகாரத்தைப் பாருங்கள்.

உள்ளேயே ஜிபிஎஸ் இருந்தாலும் அதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அனுப்பும் சிக்னல் தரைக்கு வரும்போது மிக மெலிந்துதான் இருக்கும். வாசலில் இறங்கியதும் பொத்தானை அழுத்திவிட்டு ஓடுகிறவர்களுக்கு முதல் அரை கிலோமீட்டர் கோணலாகத்தான் பதிவாகும். திறந்த இடத்தில் நின்று, சிக்னல் கிடைத்துவிட்டது என்று கடிகாரம் சொன்ன பிறகு கிளம்புங்கள். முந்தைய இரவு போனோடு ஒருமுறை சிங்க் செய்திருந்தால் செயற்கைக்கோள்களின் இருப்பிட விவரம் இறங்கியிருக்கும், சீக்கிரம் பிடிக்கும்.

உயரமான கட்டடங்களுக்கு நடுவே சிக்னல் சுவரில் பட்டுத் தெறித்துச் சுற்றுவழியில் வந்து சேரும். கடிகாரம் அதையும் நம்பி, நீங்கள் சாலைக்கு எதிர்ப்புறம் ஓடியதாக வரைந்து வைக்கும். இரண்டு அலைவரிசைகளில் சிக்னல் வாங்கும் கடிகாரங்கள் இதை நன்றாகவே சமாளிக்கின்றன. 265 மாடலிலும் பேஸ் 3 மாடலிலும் அந்த வசதி உண்டு, 55, 165 இரண்டிலும் இல்லை. ஓஎம்ஆர் கட்டடங்களுக்கு நடுவிலும் மெட்ரோ பாலத்தின் கீழும் ஓடுகிறவருக்கு அது பயன்படும். மெரினாவில் ஓடுகிறவருக்கு ஒரு பக்கம் முழுக்கத் திறந்த வானம், கூடுதல் பணம் அவசியமில்லை. 400 மீட்டர் ட்ராக்கில் பயிற்சி செய்கிறவர்கள் சாதாரண ஓட்ட முறையில் பதிவு செய்யாமல், ட்ராக் முறை இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் சுற்றை எண்ணுவதே மேல்.

42.195 கிலோமீட்டர் மாரத்தான் முடித்துவிட்டு, "பாதையை அளந்ததில் தப்பு, என் வாட்ச்சில் 42.7 காட்டுது" என்று சண்டைக்கு நிற்கிறவர்களுக்கு ஒரு விஷயம். முறையாகச் சான்று பெற்ற பாதையைச் சைக்கிள் சக்கரத்தில் பொருத்திய எண்ணும் கருவியால் அளக்கிறார்கள். வளைவுகளின் உட்புறம் ஒட்டி, இருப்பதிலேயே குறுகிய வழியில் அளப்பார்கள். பாதை குறைந்துவிடக் கூடாது என்று கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூடுதலாகவும் வைப்பார்கள். நாம் கூட்டத்தில் வளைந்து நெளிந்து, தண்ணீர் மேசைக்கு ஒதுங்கி ஓடுகிறோம். கடிகாரத்தின் சிறு பிழைகளும் அதோடு சேரும். ஆகவே ஓடும்போது நொடிக்கு நொடி மாறும் வேகத்தைப் பார்த்துக் காலை விரட்டாதீர்கள். கிலோமீட்டருக்கான சராசரியைத் திரையில் வைத்துக்கொள்ளுங்கள். மரநிழல் தெருவில் கிலோமீட்டருக்கு 6:40, 5:10, 7:05 நிமிடம் என்று தாவும் எண்ணைத் துரத்தி, முன்காலெலும்பு வலியோடு வந்த பையன்கள் எனக்குப் பலர்.

இதயத்துடிப்பு மண்டலங்களைப் பற்றி, அதாவது உச்சத் துடிப்பை வைத்துக் கடிகாரம் உழைப்பைப் பிரிக்கும் படிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் உண்மையிலேயே ஆபத்து இருக்கிறது. உங்கள் உச்சத் துடிப்பைக் கணிக்கப் புதுக் கடிகாரத்துக்குப் பெரும்பாலும் கிடைப்பது வயது மட்டும்தான். பெரும்பாலும் 220இலிருந்து வயதைக் கழித்து, அதுதான் உங்கள் உச்சத் துடிப்பு என்று எடுத்துக்கொள்ளும். நான் முதலில் சொன்ன பெண்ணுக்கு அது 178. மெதுவாக ஓடும்போதே 172 என்றால் யார்தான் பயப்பட மாட்டார்கள்? ஒரே வயதுள்ள இரண்டு ஆரோக்கியமான மனிதர்களின் உச்சத் துடிப்பே இருபது வரை வேறுபடுவது சாதாரணம். கணக்கும் உத்தேசம், அளவீடும் பிழை. இரண்டும் சேர்ந்து ஒருவரை இரண்டு மாதம் பயமுறுத்தியிருக்கிறது.

இதற்கு நேர்மாறாக இன்னொருவர். வயது 65, ஓய்வுபெற்றவர், ரத்த அழுத்தத்துக்கு மெட்டோப்ரோலால் சாப்பிடுகிறார். மகன் வெளிநாட்டிலிருந்து கடிகாரம் அனுப்பியிருந்தான். அதன் கணக்குப்படி அவர் இரண்டாம் மண்டலத்துக்கு வர 93 துடிப்பு வேண்டும். வேகமாக நடந்தும் 86 தாண்டவில்லை. "நான் சரியா உழைக்கலைன்னு சொல்லுது டாக்டர், அதான் ஓட ஆரம்பிச்சேன்" என்றார். முட்டி வீங்கி வந்திருந்தார். மெட்டோப்ரோலால், அடினோலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரைகளின் வேலையே இதயத்துடிப்பை அடக்கி வைப்பது. எவ்வளவு மூச்சு வாங்கினாலும் துடிப்பு பழைய உயரத்துக்கு ஏறாது. கடிகாரத்துக்கு இது தெரியாது. "சார், மாத்திரையை நிறுத்திடாதீங்க, கடிகாரத்துல அந்தப் பக்கத்தை நிறுத்திடுங்க" என்றேன். அவருடைய இதய மருத்துவரிடமும் பேசிவிட்டு, ஸ்வீடனைச் சேர்ந்த குன்னார் போர்க் வகுத்த அளவுகோலைச் சொல்லிக்கொடுத்தேன். உழைப்பு எவ்வளவு கடினமாக உணரப்படுகிறது என்பதை 6 முதல் 20 வரை மனதால் எண்ணிடும் முறை அது. 11க்கும் 13க்கும் நடுவில் நடக்கச் சொன்னேன். எளிய வழியில் சொன்னால், பக்கத்தில் நடப்பவரிடம் முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. நீங்களோ உங்கள் பெற்றோரோ இந்த மாத்திரைகள் எடுத்தால், கடிகாரம் கட்டுவதற்கு முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

எல்லோருக்குமே ஏப்ரல், மே மாதப் புழுக்கத்தில் அதே வேகத்துக்குத் துடிப்பு அதிகமாகத்தான் இருக்கும். உடலைக் குளிர்விக்கத் தோலுக்கும் ரத்தம் அனுப்ப வேண்டியிருக்கிறது, வியர்த்து நீரும் குறைகிறது. ஜனவரியில் ஓடிய வேகத்தை மே மாதம் கடிகாரத்தைப் பார்த்துப் பிடிக்க முயலாதீர்கள். தூக்க மதிப்பெண், இன்று பயிற்சிக்குத் தயாரா என்ற மதிப்பெண் இவற்றையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வாரக்கணக்கில் எப்படி நகர்கிறது என்று பார்க்கலாம், ஒரு நாள் எண்ணை வைத்து முடிவெடுக்க வேண்டாம். அதே சமயம், நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தால் கடிகாரம் எல்லாம் நலம் என்று காட்டினாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

திரை விஷயம் சுலபம். பளிச்சென்று தெரியும் அமோலெட் திரை பார்க்க அழகு, பேட்டரியைக் கொஞ்சம் தின்னும். சூரிய ஒளியையே பயன்படுத்திக் காட்டும் மங்கலான வகைத் திரை கடையில் எடுபடாது, வெயிலில் நன்றாகத் தெரியும், நாள் கணக்கில் உழைக்கும். ஏற்காட்டிலோ கொடைக்கானலிலோ ஏற்றத்தில் பயிற்சி செய்கிறவர் என்றால் காற்றழுத்தமானி உள்ள மாடலாக வாங்குங்கள். ஜிபிஎஸ் மட்டும் வைத்துச் சொல்லும் உயரக் கணக்கு நம்பத்தக்கது இல்லை.

தனியாக ஓடும் பெண்களுக்கு ஒன்று. ஓட்டத்தை ஆப்பில் பகிரும்போது நீங்கள் தொடங்கிய இடமும் முடித்த இடமும், அதாவது உங்கள் வீட்டு வாசல், நேரத்தோடு தெரிந்துவிடும். ஓட்டங்களைப் பகிரும் ஸ்ட்ராவா ஆப், மக்கள் எங்கெல்லாம் அதிகம் ஓடுகிறார்கள் என்று காட்டும் வெப்ப வரைபடத்தை 2017 நவம்பரில் வெளியிட்டது; ராணுவ முகாம்களின் அமைப்பே வீரர்களின் ஓட்டப் பாதைகளால் அதில் வெளிப்பட்டுவிட்டது 2018 ஜனவரியில் தெரியவந்தது. அமைப்புகளில் வீட்டைச் சுற்றிய பகுதியை மறைக்கும் வசதி இருக்கிறது. பெட்டியைப் பிரித்த அன்றே அதைச் செய்துவிடுங்கள்.

கடையில் வாங்கினால் கண்ணாடிப் பெட்டிக்கு மேலே வைத்துப் பார்த்துவிட்டு வராதீர்கள். கட்டிக்கொண்டு, ஓடுவது போலக் கையை ஒரு நிமிடம் வீசுங்கள். கூச்சப்பட வேண்டாம். நழுவினால் ஒரு துளை இறுக்குங்கள். அப்படியும் நழுவினால் அது உங்கள் கைக்கான கடிகாரம் இல்லை. மணிக்கட்டைப் பின்னால் மடக்கிப் பாருங்கள், ஓரம் புறங்கையில் குத்தக் கூடாது.

அந்தப் பெண் பெரிய கடிகாரத்தைக் கணவருக்கே கொடுத்துவிட்டு, 39 கிராமில் ஒன்று வாங்கி நைலான் பட்டை மாட்டிக்கொண்டார். அடுத்த முறை வந்தபோது கடிகாரத்தைக் காட்டவே இல்லை. கெண்டைக்கால் பயிற்சி படியில் செய்யலாமா, தரையில் செய்ய வேண்டுமா என்று கேட்டார். படியில்தான், குதிகாலை மெதுவாக இறக்கி, ஒரு காலுக்குப் பதினைந்து முறை என்று செய்து காட்டினேன்.