ரோபோ: இயந்திர மனிதனா, பொறியா?

‘ரோபோ’ செக் மொழியில் பிறந்த சொல். காரெல் சாப்பெக், 1920-இல் வெளிவந்த ‘ஆர்.யு.ஆர்.’ நாடகத்தில் ஆலையில் உருவாக்கப்படும் செயற்கை வேலையாட்களுக்குப் பெயர் தேடியபோது, ஓவியரான அவருடைய அண்ணன் யோசெஃப் எடுத்துக் கொடுத்தது. பண்ணையடிமைகள் நிலக்கிழாருக்குக் கூலியின்றிச் செய்தாக வேண்டிய உழைப்பைச் செக் மொழி ‘ரோபோட்டா’ என்கிறது. சோழர் கல்வெட்டுகளில் வரும் ‘வெட்டி’யும் ஏறக்குறைய அதுவே. நாடகத்தின் ரோபோக்கள் இரும்பாலானவை அல்ல, சதை போன்ற பொருளால் ஆனவை.

தமிழில் முதலில் பரவிய ‘இயந்திர மனிதன்’ உருவத்தைப் பார்த்து வைத்த பெயர். 1961-இல் அமெரிக்கக் கார் ஆலையில் பணிக்கு வந்த ‘யூனிமேட்’ என்ற ரோபோ ஒற்றை இயந்திரக் கைதான். 2018-இல் திருவனந்தபுரத்திலும் பின்னர் கும்பகோணத்திலும் சாக்கடைக் குழிகளைத் தூர்வார வந்த ‘பேண்டிகூட்’, மேலே நிற்பவர் திரையைப் பார்த்து இயக்க, கால்களை விரித்துக் குழிக்குள் இறங்கி மண்ணை அள்ளுகிறது. அதில் மனிதச் சாயலே கிடையாது. (அந்த ஆங்கிலப் பெயரும் தெலுங்கின் ‘பந்திகொக்கு’விலிருந்து போனதுதான், நமக்கு அது பெருச்சாளி.)

‘தானியங்கி’ என்பதிலும் இடர் உண்டு. ஆள் வந்தால் திறக்கும் கடைக்கதவும் தானியங்கிதான். முழுமையான ரோபோவுக்குச் சூழலை உணர்ந்து, செய்வதைத் தீர்மானித்து, பின் செய்து முடிக்கும் திறன் வேண்டும். ரோபோக் கையை இயக்குவதற்காகக் கூகுள் டீப்மைண்ட் 2023-இல் அறிவித்த ‘ஆர்டி-2’ என்னும் செயற்கை நுண்ணறிவு மாதிரி இதற்கு நல்ல சான்று. மேசைமேல் சிங்கம், திமிங்கிலம், டைனோசர் பொம்மைகளை வைத்து, ‘அழிந்துபோன விலங்கை எடு’ என்றதும் அந்தக் கை டைனோசரை எடுத்தது. இணையத்தின் படங்களிலும் எழுத்திலும் கற்ற பொது அறிவு அங்கே கையசைவாக மாறியது.

‘எந்திரன்’ 2010-இல் வந்த திரைப்படத்தால் ஊரறிந்த சொல்லானது. வடமொழி ‘யந்த்ர’த்தோடு தொடர்புடைய ‘எந்திரம்’ நமக்குப் புதிதன்று: ‘கரும்பின் எந்திரம் களிற்றெதிர் பிளிற்றும்’ என்று ஆலையின் இரைச்சலை யானையின் பிளிறலுக்கு எதிர்நிறுத்துகிறது ஐங்குறுநூறு. ஆயினும் ‘அன்’ விகுதி சாக்கடைப் பெருச்சாளியையும் ஆண்மகனாக்கிவிடுகிறது.

என் சாய்வு ‘பொறி’யின் பக்கம். சிலப்பதிகாரம் மதுரை மதில்மேல் காட்டும் ‘வளைவிற் பொறி’க்கு, தானே வளைந்து அம்பெய்யும் வில் என்று உரை சொல்வார்கள். ஐம்பொறி என்னும்போது அதே சொல் புலன் உறுப்பையும் குறிக்கிறது. கருவி, புலன் என்ற இரண்டையும் ஒருசேரச் சுமக்கும் சொல் இது. ஆகவே ரோபோவை ‘அறிபொறி’ என்றும், துறையை ‘அறிபொறியியல்’ என்றும் வழங்கலாம். மனித உருவில் செய்யப்பட்டவற்றுக்கு மட்டும் ‘எந்திரன்’ இருக்கட்டும்.